அக்கா கண்ட முற்பிறவிக் காட்சியை நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்கலாமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் சில மாதங்களாக நிலவும் ஒரு மனக்கசப்பைப் பற்றி, உளவியல் அறிந்தவர்களிடமும் சமய நூல்களைப் பயின்றவர்களிடமும் கேட்க விரும்புகிறேன்.

அப்பா இறந்த பிறகு என் அக்காவுக்குத் தூக்கம் குறைந்தது. மூடிய அறையிலோ லிஃப்டிலோ நின்றால் தொண்டையை யாரோ இறுக்குவதுபோல் இருக்கிறது என்பார். மருத்துவர்கள் பரிசோதித்துவிட்டு உடலில் கோளாறு ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நிலையில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில், ஹிப்னாடிசத்தின் மூலம் முற்பிறவிக்கு அழைத்துச் செல்வதாகக் கூறும் ஒரு மையத்துக்குச் சென்றார். துணைக்குப் போன என்னை அறையின் ஓரத்தில் உட்கார அனுமதித்தார்கள்.

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, கண்களை மூடச் சொல்லி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதாக எண்ணச் சொன்னார்கள். கீழே ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறந்தால் வேறொரு காலத்தில் இருப்பீர்கள் என்றார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றே அக்கா முதலில் சொன்னார். 'அவசரமில்லை, மனத்தில் எது தோன்றினாலும் சொல்லுங்கள்' என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, ஒரு கிணற்றடி தெரிகிறது, கையில் பித்தளைக் குடம் இருக்கிறது, வயதான ஒரு பெண் பின்னால் வருகிறாள் என்றார். 'இப்போது உங்களுக்கு என்ன நேர்கிறது?' என்று கேட்டார்கள். தள்ளிவிட்டாள் என்று சொல்லித் தேம்பி அழுதார். எந்த ஆண்டு என்று கேட்டதற்கு 1850 என்றார். அதன் பிறகு, 'அந்தப் பெண்ணின் கண்களை உற்றுப் பாருங்கள், இந்தப் பிறவியில் அவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டார்கள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அத்தை' என்றார். அவர் சொன்னது தம் மாமியாரை.

அன்றிரவு அக்கா நன்றாகத் தூங்கினார் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு மாமியார் கையால் கொடுக்கும் காப்பியைக்கூடக் குடிப்பதில்லை. பிள்ளைகளைப் பாட்டியுடன் தனியே விடுவதும் இல்லை. அத்தைக்கு எழுபது வயதாகிறது. காரணம் தெரியாமல் என்னைக் கூப்பிட்டு, 'நான் என்ன தப்புப் பண்ணினேன் தம்பி?' என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் மறுபிறவியை நம்புகிறவன். எங்கள் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தால் 'தாத்தாவே வந்து பிறந்திருக்கிறார்' என்று சொல்லி அவர் பெயரையே வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே அக்கா கண்டதைப் பொய்யென்று தள்ளவும் மனம் வரவில்லை, மெய்யென்று ஏற்கவும் முடியவில்லை. ஹிப்னாடிசத்தில் தோன்றுவது நினைவுதானா? நினைவே என்றாலும், அதை வைத்து இன்று வாழும் ஒருவர்மீது பழி சுமத்துவதை நம் சமயம் ஏற்குமா?

மறுமொழி: நீலமலை

வணக்கம். நான் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்றடியை அவர் கண்டார், தள்ளப்பட்ட அச்சத்தை உடலால் உணர்ந்தார், அழுதார். அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

மறந்தவை எல்லாம் மனத்தின் அடியில் சிதையாமல் கிடக்கின்றன என்றும், ஹிப்னாடிசம் அவற்றை வெளியே எடுத்துவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு 1985இல் வெளியிட்ட அறிக்கை, ஹிப்னாடிசத்தால் பெறப்படும் நினைவுகளில் கற்பனை கலந்துவிடுவதையும், அவை சாதாரண நினைவைவிட நம்பத்தக்கவை ஆகிவிடுவதில்லை என்பதையும் எடுத்துரைத்தது. பிழை கூடும்போதே, 'நான் நினைவுகூர்வது சரி' என்ற உறுதியும் நினைவுகூர்பவருக்குள் கூடிவிடக்கூடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

அறையில் கேட்கப்பட்ட கேள்விகளை நீங்கள் அப்படியே எழுதியிருப்பது பேருதவி. 'உங்களுக்கு என்ன நேர்கிறது?' என்ற கேள்வி, ஏதேனும் நேர்ந்தே ஆகவேண்டும் என்று மனத்துக்குச் சொல்லிவிடுகிறது. 'கண்களை உற்றுப் பாருங்கள், இந்தப் பிறவியில் தெரியுமா?' என்ற கேள்வி, தெரிந்த ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறது. கிணற்றடியும் வயதான பெண்ணும் என்று காட்சி அமைந்துவிட்ட பிறகு, ஒரு மருமகளின் மனம் அந்த இடத்தில் யாரை நிறுத்தும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் கொடிய மாமியாரை நாம் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் என்ன நோக்கத்தோடு கேட்டிருந்தாலும், ஒரு குடும்பத்தை உடைக்கக்கூடிய கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பதே என் கருத்து.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்பானோஸும் அவருடைய குழுவினரும் இதை நேரடியாகவே சோதித்து 1991இல் வெளியிட்டார்கள். முற்காலத்தில் குழந்தைகள் கொடுமைக்கு ஆளாவது மிகுதி என்று ஒரு பிரிவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அவர்கள் கண்ட 'முற்பிறவி'களில் குழந்தைப் பருவக் கொடுமைகள் மிகுதியாக இடம்பெற்றன. மறுபிறவியில் ஏற்கெனவே நம்பிக்கை உடையவர்கள், தாங்கள் கண்டதை மெய்யென்று கொள்ளும் போக்கும் அதிகமாக இருந்தது.

இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்ட நிகழ்வு பிரைடி மர்ஃபி. 1952இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மோரி பெர்ன்ஸ்டைன் என்ற வணிகர், வர்ஜீனியா டை என்ற இல்லத்தரசியை ஹிப்னாடிச நிலைக்கு உட்படுத்தினார். தான் 1798இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்து 1864இல் இறந்த பிரைடி மர்ஃபி என்று அவர் அயர்லாந்துப் பேச்சு வழக்கில் சொன்னார். 1956இல் இது நூலாக வந்தபோது அமெரிக்கா முழுவதும் பரபரப்பு. செய்தியாளர்கள் தேடியபோது அப்படி ஒரு பெண் பிறந்ததற்கோ இறந்ததற்கோ பதிவு கிடைக்கவில்லை. நியாயமாகச் சொன்னால், அயர்லாந்தில் பிறப்பு இறப்புகளை முழுமையாகப் பதிவு செய்யும் முறையே 1864இல்தான் வந்தது, ஆகவே பதிவு இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அவர் சொன்ன, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மளிகைக் கடைக்காரர்கள் இருவரின் பெயர் பழைய ஊர்க் கையேட்டில் இருந்ததும் உண்மை. ஆனால் வர்ஜீனியா சிறுமியாகச் சிகாகோவில் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே, அயர்லாந்திலிருந்து குடியேறிய ஒரு பெண்மணி வசித்தார் என்பதையும், மணமாகும் முன் அவருடைய பெயரே பிரைடி மர்ஃபி என்பதையும் சிகாகோ நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. எப்போதோ கேட்டது, எங்கே கேட்டோம் என்பது மறந்துபோய், தன் சொந்த அனுபவமாக மேலெழுந்து வருவது மனித மனத்துக்குப் புதிதன்று.

மறுமொழி: செம்பருத்தி

நீலமலை அவர்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கமும் இங்கே பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணவரை இழந்த பிறகு நானும் இத்தகைய அமர்வுகளுக்குச் சென்றேன். அமெரிக்க மனநல மருத்துவர் பிரையன் வெய்ஸ் தம்மிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி 1988இல் எழுதிய நூலைப் படித்துத்தான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது. அமர்வில் நான் என்னை ஓர் ஓடக்காரராகக் கண்டேன். அகன்ற ஆறு, அக்கரையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், நான் துடுப்புப் போடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் என் கணவரிடமிருந்து நான் முற்றிலும் அறுந்துபோய்விடவில்லை என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் உறுதியாக ஊன்றியது. அதற்கு முன் எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள், எதுவும் உள்ளே இறங்கவில்லை.

எனக்கு வழிகாட்டியவர் ஒருபோதும் 'இவர் யார், இப்போது யாராகப் பிறந்திருக்கிறார்' என்று கேட்டதில்லை. காண்பதை மெய்யென்றும் கொள்ள வேண்டாம், பொய்யென்றும் கொள்ள வேண்டாம், அது உங்களுக்கு என்ன சொல்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள் என்றார். எனவே முறை முழுவதையும் தீயதென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வைகைக்கரை அவர்களின் அக்கா அன்றிரவு தூங்கினாரே, அந்தத் தூக்கத்தையும் நாம் மதிக்க வேண்டும்.

மறுமொழி: ஓலைச்சுவடி

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, தமிழ் இலக்கியமும் சைவ சித்தாந்தமும் பயின்றவன் என்ற முறையில் விடையளிக்க முயல்கிறேன்.

முற்பிறவி அறிதல் நம் காப்பியங்களுக்குப் புதிதன்று. மணிமேகலையில் 'பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையை (புத்தரின் பீடத்தை) கண்ட மணிமேகலை, முற்பிறவியில் தான் இலக்குமி என்பவளாய் இராகுலன் என்ற அரசகுமாரனுக்கு மனைவியாக இருந்ததை உணர்கிறாள். தன்மேல் காதல் கொண்டு பின்தொடரும் உதயகுமரனே அந்த இராகுலன் என்பதும் அவளுக்குத் தெரிய வருகிறது. பின்னர் காஞ்சனன் என்பவனின் வாளால் உதயகுமரன் வெட்டுண்டு இறக்கும்போது, அதற்குக் காரணமான பழவினையைக் கந்திற்பாவை என்ற தூணிலுள்ள தெய்வப் பாவை எடுத்துரைக்கிறது. முனிவருக்குப் படைக்க இருந்த உணவைக் கால் இடறிச் சிந்திய சமையற்காரனை இராகுலன் வெட்டிக் கொன்றான், அந்த வினையே இப்போது வந்து பற்றியது என்கிறது.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு சிங்கபுரத்து அரசனிடம் பணிபுரிந்ததையும், கபிலபுரத்திலிருந்து வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்ததையும், சங்கமனின் மனைவி நீலி துயர் தாங்காது சாபமிட்டு உயிர்விட்டதையும் சொல்கிறது.

இந்த இரண்டு இடங்களிலும் நான் பல காலமாக எண்ணி எண்ணி வியக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. துன்பப்பட்டவனுக்கு முற்பிறவியில் யார் என்ன தீங்கு செய்தார்கள் என்பதைக் காப்பியம் சொல்வதே இல்லை. அவன் பிறருக்குச் செய்த தீங்கையே சொல்கிறது. சொல்லும் வேளையும் கவனிக்கத்தக்கது: கண்ணகியின் சினம் ஊரையே எரித்த பிறகு, அதைத் தணிக்கவே அந்த வரலாறு சொல்லப்படுகிறது. மகனை இழந்த சீற்றத்தில் இராசமாதேவி மணிமேகலையைச் சிறையிட்டு வருத்தியபோதும், 'உடற்கழுதனையோ உயிர்க்கழுதனையோ' என்று கேட்டு, உதயகுமரனின் பழவினையை விளக்கி, அந்தத் தாயின் மனத்தைத் தெளிவிக்கிறாள் மணிமேகலை. பகையை மூட்டுவதற்காக முற்பிறவியை ஒருவர் காதில் ஓதும் தெய்வம் இந்த இரு காப்பியங்களிலும் இல்லை.

சித்தாந்தத்தில் வினை மூன்றாகப் பேசப்படும். பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போது விருப்பு வெறுப்பால் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். உங்கள் அக்கா கண்டது முழுக்க மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கிணற்றடி நிகழ்வு நுகர்ந்து முடிந்த வினை. அதற்காக எழுபது வயது மூதாட்டியை இன்று வெறுப்பது புதிய ஆகாமியம். 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்று பாடிய மணிவாசகர் அந்தப் பிறப்புகளின் கதைகளை விரித்துரைக்கவில்லை. அவற்றிலிருந்து விடுதலையையே வேண்டினார்.

இன்னொன்று. 1850ஆம் ஆண்டுக் கிராமத்துப் பெண்ணிடம் ஆண்டு கேட்டால் 1850 என்று சொல்லியிருப்பாளா? அறுபதாண்டுச் சுழற்சிக் கணக்கில் அது 'சாதாரண' என்ற பெயருடைய வருடம். 1876இல் தொடங்கிய கொடும்பஞ்சத்தை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் 'தாது வருடப் பஞ்சம்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆங்கில ஆண்டு எண்ணில் தன் காலத்தைச் சொல்வது, இன்று பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரின் பழக்கம்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. அந்த ஆண்டுக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் எழுதியவற்றுள் சிலவற்றை அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். 'டெல்லியில் சாந்தி தேவி என்ற சிறுமி தன் முற்பிறவிக் கணவரையே அடையாளம் காட்டினாளே, வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் தொகுத்திருக்கிறார்களே, அவையெல்லாம் பொய்யா?' என்று கேட்டார். யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி: பொதியம்

அக்கா கேட்டது நல்ல கேள்வி. அவற்றைப் பொய்யென்று எளிதில் தள்ளிவிட முடியாது என்று கருதுபவன் நான். ஆண்டுக்கணக்கில் இந்த ஆய்வுகளைப் படித்து வருகிறேன்.

சாந்தி தேவி 1926இல் டெல்லியில் பிறந்தவர். சிறு வயதிலேயே, தன் ஊர் மதுரா என்றும், கணவர் அங்கே இருக்கிறார் என்றும், தான் குழந்தை பெற்றபின் இறந்துபோனதாகவும் சொல்லத் தொடங்கினார். மதுராவில் லுக்தி தேவி என்ற பெண் 1925இல் பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்திருந்தது தெரிய வந்தது. செய்தி காந்தியடிகள் வரை எட்டி, ஒரு குழு அமைக்கப்பட்டு, 1935 நவம்பரில் அந்தச் சிறுமியை மதுராவுக்கு அழைத்துச் சென்றார்கள். குழுவின் அறிக்கை அவருக்குச் சாதகமாக இருந்தது. அதே காலத்தில் இதை நேரில் ஆராய்ந்து ஏற்க மறுத்தவர்களும் உண்டு.

வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து இத்தகைய குழந்தைகளைச் சந்தித்தார். 2007இல் மறையும் வரை அவரும் அவருடைய குழுவினரும் 2,500க்கு மேற்பட்ட நிகழ்வுகளைத் திரட்டினார்கள். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே பேசத் தொடங்கி, ஏழெட்டு வயதுக்குள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். யாரும் அவர்களைப் படுக்கவைத்துக் கேட்டதில்லை. சொல்லப்பட்ட ஊருக்குப் போய், சொல்லப்பட்ட பெயரில் ஒருவர் வாழ்ந்து இறந்தாரா என்று விசாரிக்க முடிந்தது. இந்த விசாரணைகளில் குறை காண்பவர்களின் வாதங்களும் வலுவானவையே. ஸ்டீவன்சன் போய்ச் சேர்வதற்குள் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசிவிட்ட நிகழ்வுகள் பல, அப்போது குழந்தை முதலில் சொன்னது எது, பின்னர் சேர்ந்தது எது என்று பிரிப்பது கடினம். ஸ்டீவன்சனும் தமக்குக் கிடைத்தவை மறுபிறவியை நிறுவிவிட்டன என்று சொல்லவில்லை; அதைச் சுட்டுவதாக மட்டுமே சொன்னார்.

உங்கள் அக்காவிடம் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மறுபிறவிக்கு இவ்வளவு சான்று திரட்டிய அதே ஸ்டீவன்சன், ஹிப்னாடிசத்தின் வழியே வரும் முற்பிறவிக் காட்சிகளில் பெரும்பாலானவை கற்பனையே என்று வெளிப்படையாக எழுதினார். தாமே அந்த முறையைச் சோதித்துப் பார்த்த பிறகு சொன்னது இது. ஆகவே சாந்தி தேவியை முழுமையாக நம்பும் ஒருவரும் கிணற்றடிக் காட்சியை நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரீச்சா, தென்னிந்தியாவில் இத்தகைய குழந்தைகள் பற்றிய செய்திகள் வடக்கைவிட மிகக் குறைவாக வருவதைக் கவனித்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்திருக்கிறார். நம்பிக்கையில் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்பதால், இந்த வேறுபாடு இன்னும் ஆழ்ந்த ஆய்வுக்குரியது.

மறுமொழி: நீலமலை

செம்பருத்தி அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. உடல் தளர்ந்து, மனம் ஒருமுகப்பட்டு, பரிவோடு ஒருவர் அருகில் அமர்ந்து கேட்க, அடக்கி வைத்திருந்த அழுகை வெளியே வரும்போது தூக்கம் வருவது இயல்பே. அந்தத் தூக்கத்துக்குக் காட்சி உண்மையாக இருக்கவேண்டிய தேவை இல்லை. அவருக்குக் கிடைத்த வழிகாட்டி யார்மீதும் பழி விழாமல் பார்த்துக்கொண்டார், வைகைக்கரையின் அக்காவுக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். 'நீ கண்டது பொய்' என்று அக்காவிடம் வாதாடாதீர்கள். வாதம் வளர வளர அவர் அந்தக் காட்சியை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார். தொண்டை இறுக்கம் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். நீங்கள் எழுதியபடி அது அப்பா மறைந்த பிறகு வந்தது. அப்பாவின் கடைசி நாட்களில் அக்கா எங்கே இருந்தார், என்ன பார்த்தார், யாரிடமாவது அதைப் பேசியிருக்கிறாரா? மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதற்கும் தொண்டை இறுகுவதற்கும் பதற்ற நோயில் நன்கு அறியப்பட்ட சிகிச்சைகள் உள்ளன. மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. உடனே யாரையும் அணுக முடியாவிட்டால், அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அடுத்த முற்பிறவி அமர்வுக்கு முன்பணம் கட்டியிருந்தால், அதை இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மீண்டும் மீண்டும் அதே காட்சிக்குள் போவது அதை மேலும் உறுதிப்படுத்தும்.

அத்தையிடம் முற்பிறவிக் கதையைச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. 'அக்கா இன்னும் அப்பாவின் துக்கத்திலிருந்து மீளவில்லை, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறோம், உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை' என்று சொல்லுங்கள். மூன்றுமே உண்மை. பேரப்பிள்ளைகளைப் பொறுத்தவரை, அக்காவின் கணவரிடம் முழு விவரத்தையும் சொல்லி, அவர் வீட்டில் இருக்கும் நேரத்திலாவது பிள்ளைகள் பாட்டியிடம் போக வழி செய்யச் சொல்லுங்கள். அதை அக்காவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம், சொல்லிவிட்டே செய்யட்டும்.